சோழமண்டலக் கரையில் நெசவாளர் துணிக்கு விலை வைத்த முறை (17, 18ஆம் நூற்றாண்டுகள்)

சோழமண்டலக் கரை என்பது கிருஷ்ணா ஆற்று முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரை நீண்ட கிழக்குக் கடற்கரைப் பகுதியைக் குறிக்கும் பழைய பெயர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் முதன்மையானது கைத்தறிப் பருத்தித் துணி. ஜாவாவிலும் மலாக்காவிலும் அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அதைக் கொடுத்து மனிதர்களையே வாங்கினார்கள். 'கினி' எனப்பட்ட நீலத் துணிக்கு அந்த அடிமை வணிகத்தில் பெரிய இடம் இருந்தது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அது சட்டையாகவும் திரைச்சீலையாகவும் ஆனது.

இத்துணிக்கு விலை வைத்தவர் யார்? 'கம்பெனிக்காரர்கள் விலை வைத்தார்கள், நெசவாளர் பணிந்தார்கள்' என்ற விடையைத்தான் வகுப்பறையில் நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு அந்த விடை பொருந்தும். அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அது பொருந்தாது. அந்தக் காலத்தில் நெசவாளர் தம் சொந்தத் தறியில், தாமே வாங்கிய நூலில் நெய்து, தாம் விரும்பியவருக்கு விற்றனர். பேரம் பேசும் வலிமை அவர்களிடம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே கரையில் பல வாங்குநர்கள்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இக்கரையில் துணி வாங்குவோர் பலர் இருந்தனர். மரக்காயர்களும் செட்டியார்களும் கோமுட்டிகளும் தென்கிழக்காசியாவுக்குத் துணி அனுப்பிவந்தனர். ஐரோப்பியர் அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். 1620இல் தரங்கம்பாடிக்கு டேனியர் வந்தனர். 1639இல் ஆங்கிலேயர் சென்னையைப் பெற்றனர். 1658இல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினர். 1690இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர்.

வரைபடத்தை விரித்துக் கடலூர்ப் பகுதியை மட்டும் பாருங்கள். கடலூரில் ஆங்கிலேயர். வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். தெற்கே பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரரின் பண்டகசாலை. அதே ஊரில் அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் கப்பல் விட்ட மரக்காயர்கள். இன்னும் தெற்கே போனால் தரங்கம்பாடி. இந்தக் கரைக்கு உட்புறம் இருந்த ஒரு நெசவூரிலிருந்து துணி மூட்டையுடன் ஒருவர் புறப்பட்டால், ஒன்றிரண்டு நாள் நடையில் நான்கு வாங்குநர்களையாவது பார்த்துவிடலாம். இவை போக உள்ளூர்ச் சந்தையும் இருந்தது. கம்பெனிக் கணக்குகளில் ஏற்றுமதித் துணி மட்டுமே தெரிவதால் நாம் இதை மறந்துவிடுகிறோம். ஆனால் நெய்த துணியில் பெரும்பகுதியை உடுத்தியவர்கள் இந்த நாட்டு மக்களே. கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கிய துணிக்கும் சந்தையில் ஒரு விலை இருந்தது.

முன்பணமும் அதைத் திருப்பித் தரும் உரிமையும்

நெசவாளர் யாரும் பெரிய முதல் வைத்திருந்தவர்கள் அல்லர். பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்க வேண்டும். நெய்து முடிக்கும் வரை வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆகவே துணி வணிகம் முழுவதும் முன்பணத்தில் நடந்தது. கம்பெனி தன் 'கம்பெனி வர்த்தகர்'களிடம் இத்தனை கட்டு, இன்ன தரம், இன்ன விலை என ஒப்பந்தம் செய்துகொண்டு முன்பணம் தரும். வர்த்தகர் அதைத் தரகர்களிடம் தருவார். தரகர் நெசவூர்த் தலைவர்கள் வழியாகத் தறிக்காரருக்குத் தருவார். சென்னையில் 1680இல் இறந்த காசி வீரண்ணா இத்தகைய வர்த்தகர்களில் பெரியவர். புதுச்சேரியில் கம்பெனிக்கும் வர்த்தகர்களுக்கும் இடையே நடந்த ஒப்பந்தப் பேச்சுகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம்.

இன்றைக்கு முன்பணம் என்றால் வாங்கியவர் கட்டுப்பட்டவர் என்று பொருள் கொள்கிறோம். அன்றைய தென்னிந்திய வழக்கம் வேறு. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நெசவாளர் எந்த நேரத்திலும் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். தறியில் பாதி நெய்த துணி இருந்தாலும் சரி. ஆனால் பணம் கொடுத்தவருக்கு அதே உரிமை கிடையாது. துணி விலை இறங்கிவிட்டது என்பதற்காக வர்த்தகர் வந்து, 'ஒப்பந்தம் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு' என்று கேட்க முடியாது. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தம் நூலில் இந்த ஏற்றத்தாழ்வான உரிமையைத்தான் நெசவாளர் வலிமையின் அச்சாணியாகக் காண்கிறார்.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? ஆங்கிலேயரின் ஆள் ஒருவரிடம் பணம் வாங்கி ஒருவர் நெய்துகொண்டிருக்கிறார். புதுச்சேரியில் கப்பல் வந்து துணிக்குத் தட்டுப்பாடு என்ற செய்தி ஊருக்கு எட்டுகிறது. பிரெஞ்சு வர்த்தகரின் தரகர் கூடுதல் விலை சொல்கிறார். நெசவாளர் அவரிடம் புதிதாக முன்பணம் வாங்கி, பழைய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியைப் புதியவருக்குத் தருகிறார். பழைய வர்த்தகருக்கு இருந்த ஒரே வழி, அவரும் விலையை ஏற்றுவதுதான். வசூலாகாத முன்பணத்தின் சுமையும் வர்த்தகர் தலையிலேயே விழுந்தது.

பருவமும் நெசவாளர் பக்கம் நின்றது. சென்னையிலோ கடலூரிலோ அன்று கட்டிய துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசிப் புயலுக்கு முன் அவை கரையை விட்டு விலகியாக வேண்டும். அதற்குள் கட்டுகள் ஏறாவிட்டால் முதலும் முடங்கும், பயணமும் தாமதமாகும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது என்பதால் அந்த மாதங்களில் தறியும் மந்தமாகத்தான் ஓடும். காத்திருக்க முடியாதவர் யார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

எண்ணில் மாறாத விலை

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பெனிக் கணக்குகளில் ஒரு வகைத் துணியின் விலை பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். அதைப் பார்த்து விலை அசையவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. விலை துணியின் உள்ளே அசைந்தது.

துணியின் தரத்தை அன்று பாவிலுள்ள இழை எண்ணிக்கையால் அளந்தனர். குறிப்பிட்ட எண்ணிக்கை இழைகள் கொண்டது ஒரு 'புஞ்சம்'. புஞ்சம் கூடக் கூடத் துணி அடர்த்தியாகும், விலையும் கூடும். நீளம், அகலம், புஞ்சம் மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். நெசவாளருக்குச் செலவில் பெரியது நூல். நூல் விலை பஞ்சு விலையையும், பஞ்சு விலை மழையையும் பொறுத்தது. வீட்டுச் செலவில் பெரியது அரிசி. மழை பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு துணிக்கு விலை 20 பணம். நூலுக்கு 13 பணம் போனால் வீட்டுக்கு 7 பணம் மிஞ்சும். நூல் விலை ஏறி 16 பணம் ஆகிவிட்டது; மிச்சம் 4. வர்த்தகர் 20க்கு மேல் ஒரு காசும் தர மாட்டேன் என்கிறார். நெசவாளர் என்ன செய்வார்? பாவில் சில இழைகளைக் குறைப்பார். ஊடையை இறுக்கி அடிக்காமல் சற்றுத் தளர விடுவார். நீளத்தில் கால் முழம் குறைப்பார். நூல் செலவு 14க்கு இறங்கும், மிச்சம் 6. கம்பெனிக் கணக்கில் விலை அதே 20தான். உண்மையில் துணியின் விலை ஏறிவிட்டது.

இதனால்தான் கம்பெனிகளின் கடிதங்களில் துணி மெலிந்துவிட்டது, நீளம் குறைகிறது என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. நெசவாளர் ஏமாற்றுக்காரர் என்று எழுதிய துரைமார்கள் உண்டு. பஞ்சு விலை ஏறிய ஆண்டுகளோடு அந்தக் கடிதங்களை வைத்துப் பார்த்தால், ஏமாற்று என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் விலைத் திருத்தமே என்று தெரியும்.

இதற்கு எதிராகக் கம்பெனி வைத்த கருவி 'தரம் பிரித்தல்'. பண்டகசாலையில் ஒவ்வொரு துணியையும் விரித்து, மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், தள்ளுபடி எனப் பிரிப்பார்கள். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். ஆனால் அந்தக் கருவியின் கூர்மையும் போட்டியைப் பொறுத்தே இருந்தது. கப்பல் காத்து நிற்கும்போது மூன்றாம் தரத்தையும் இரண்டாம் தரமென்று எடுத்துக்கொண்டார்கள். கடுமையாகப் பிரித்தால் தள்ளப்பட்ட துணி அடுத்த வாரமே டச்சுப் பண்டகசாலைக்கோ சந்தைக்கோ போய்விடும்.

நெசவாளர் தனித்தனியே நின்று பேரம் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைக்கோளர் எனப்பட்ட செங்குந்தர்கள் 72 நாடுகளாகப் பிரிந்து, காஞ்சிபுரத்தை மகாநாடாகக் கொண்ட அமைப்பை வைத்திருந்தனர். சாலியர், தேவாங்கர், சேடர், பட்டுநூல்காரர் ஆகியோருக்கும் தத்தம் ஊர்க்கூட்டங்கள் இருந்தன. நூல் சந்தைக்கு வருவதற்கு முன் அதற்குப் பின்னால் பல ஆயிரம் பெண்களின் ராட்டை ஓடியது. உழவு வேலை இல்லாத நாள்களில் நூற்று, வாரச் சந்தையில் சிறு சிறு கண்டுகளாக விற்ற அந்தப் பெண்களுக்குக் கூட்டமும் இல்லை, முன்பணமும் இல்லை. நெசவாளரின் மிச்சத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் ராட்டைக்காரியின் மிச்சத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என் கட்டுரையும் அந்தக் குறையைத் தீர்க்கவில்லை.

பேட்டைகள்

ஆள் போய்விடக்கூடும் என்ற அச்சம்தான் நெசவாளரைத் தேடிச் சலுகை கொடுக்க வைத்தது. சோழர், விஜயநகர மன்னர் காலக் கல்வெட்டுகளில் தறிஇறை, தறிக்கடமை என்ற வரிகள் வருகின்றன. புதிதாகக் குடியேறும் நெசவாளருக்கு அவ்வரிகளைக் குறைத்ததும் விட்டுக்கொடுத்ததும் பழைய வழக்கமே. வரி பாரமானால் நெசவாளர் ஊரோடு கிளம்பிவிடுவார்கள். தறி கனமான சொத்தன்று. குழி வெட்டி நான்கு மரம் நட்டால் புது ஊரிலும் தறி ஓடும். உழவருக்கு இந்த வசதி இல்லை.

ஆங்கிலேயரும் இதே வழியைப் பின்பற்றினர். கவர்னர் ஜோசப் காலெட் (1717–1720) திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளரைக் குடியேற்றினார். காலெட்பேட்டை என்ற அந்த ஊர் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, சுங்கு ராமா என்ற வர்த்தகரிடம் இருந்த தோட்ட நிலத்தில் இன்னொரு குடியிருப்பு எழுந்தது. நூற்போர், நெய்வோர், சாயம் தோய்ப்போர், வெளுப்போர், கோயிலுக்கு வேண்டியவர்கள் என்று இன்னின்னாருக்கு மட்டுமே அங்கே இடம் என விதித்தார்கள். அதுதான் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இன்று அங்கே போனால் தறி ஓசை கேட்காது. பெயரில் மட்டும் தறி இருக்கிறது.

இந்தக் காலத்து நெசவாளர் வசதியாக வாழ்ந்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1998இல் வந்த ஒரு கட்டுரையில் பார்த்தசாரதி, தென்னிந்திய நெசவாளரின் வருவாயைப் பணமாக அல்லாமல் அதைக் கொண்டு வாங்கக்கூடிய தானியமாகக் கணக்கிட்டால், அது அன்றைய இங்கிலாந்து நெசவாளரின் வருவாய்க்கு நிகரானது என்றார். ஸ்டீபன் பிராட்பெரியும் விஷ்ணுபிரியா குப்தாவும் அதை மறுத்து, இங்கிலாந்துக் கூலியே உயர்ந்தது என்றனர். எனக்குத் தோன்றுவது இது: எத்தனை படி அரிசி என்ற கேள்விக்கு என்ன விடை வந்தாலும், வேறு வாங்குநரிடம் போகும் உரிமை இருந்ததா என்ற கேள்விக்கு விடை மாறப்போவதில்லை.

போட்டி ஒழிந்த விதம்

ஒரே விலை பேச வைக்கும் முயற்சிகள் முன்பே தொடங்கிவிட்டன. வர்த்தகர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு விலையை ஏற்றுகிறார்கள் என்று கண்ட டச்சுக்காரர், 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அவர்களைக் கூட்டுப் பங்கு நிறுவனங்களாகச் சேர்த்தனர். ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். ஒரு கம்பெனியின் வர்த்தகர்களுக்குள் போட்டி குறைந்தது. ஆனால் பக்கத்து ஊரில் இன்னொரு கம்பெனி இருக்கும்வரை அதனால் பெரிய பயன் விளையவில்லை.

முடிவைக் கொண்டுவந்தது வணிகம் அன்று; போர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தாலும் பழைய வலிமை மீளவில்லை. 1763இல் செங்கற்பட்டுப் பகுதியை ஆர்க்காட்டு நவாப்பிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி ஜாகீராகப் பெற்றது. 1781இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தை இழந்தனர். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும், 1799இல் தஞ்சாவூரும், 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தன. துணி வாங்கிய அதே கை வரியும் வசூலித்தது. நீதிமன்றமும் சிப்பாயும் அதன் வசமே இருந்தன.

கம்பெனி முதலில் இடைநின்ற வர்த்தகரை விலக்கி, தன் குமாஸ்தாக்கள் வழியாக நெசவாளருக்கு நேரடியாக முன்பணம் கொடுத்தது. இடைத்தரகர் ஒழிந்தால் உற்பத்தியாளருக்கு நன்மை என்று இன்றும் பேசுகிறோம். இங்கே நடந்தது வேறு. பல வர்த்தகர் இருந்த இடத்தில் ஒரே வாங்குநர் வந்தார். கம்பெனிப் பணம் வாங்கியவர் பிறருக்கு நெய்யக் கூடாது என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் பழைய உரிமையையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாக்கியை வசூலிக்க அரசு அதிகாரமே துணை நின்றது. முன்பு நெசவாளரின் கேடயமாக இருந்த முன்பணம் இப்போது விலங்காயிற்று.

தாமஸ் மன்றோ பாராமகாலில் பணியாற்றியவர். பின்னாளில் சென்னை கவர்னரானவர். 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். பாராமகாலில் கம்பெனி ஊழியர்கள் முக்கிய நெசவாளர்களைக் கூட்டி, கம்பெனிக்கு மட்டுமே துணி தருவதாக ஒப்பும்வரை அவர்களைக் காவலில் வைத்தனர் என்றார். துணி தரத் தாமதமானால் வீட்டுக்கு ஒரு சேவகனை அனுப்புவார்கள். அவன் அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் நெசவாளர் ஓரணா தர வேண்டும். அவன் கையில் பிரம்பும் இருக்கும். சொன்னவர் கம்பெனியின் எதிரி அல்லர். அதன் நம்பிக்கைக்குரிய அதிகாரி.

நெசவாளர் எதிர்க்காமல் இல்லை. தறியை நிறுத்தினர், ஊரை விட்டுக் கூட்டமாகக் கிளம்பினர், மனுக் கொடுத்தனர். ஆனால் முன்பு ஊரைவிட்டுக் கிளம்பினால் போய்ச்சேர இன்னொரு அரசரின் எல்லையும் இன்னொரு வாங்குநரின் பண்டகசாலையும் இருந்தன. இப்போது எந்தப் பக்கம் நடந்தாலும் அதே கம்பெனியின் எல்லைதான்.

அதன் பிறகு

1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்தை நீக்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் வணிகத்தையே நிறுத்தச் செய்தது. ஆனால் திரும்பி வந்த சந்தை பழைய சந்தை அன்று. லங்காஷயர் ஆலைத் துணியும், அதைத் தொடர்ந்து ஆலை நூலும் வந்துவிட்டன. ராட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் வாங்க நெசவாளர் நகரத்து நூல் வணிகரை நம்ப வேண்டியதாயிற்று. அவர்களிலிருந்தும், வசதி படைத்த தறிக்காரர்களிலிருந்தும் 'மாஸ்டர் வீவர்' என்ற புது முதலாளி உருவானார். நூலும் அவருடையது, துணியும் அவருடையது. நெசவாளருக்குக் கூலி மட்டும். 1935இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பின்னாளைய கோ-ஆப்டெக்ஸ், தோன்றியதற்கு இந்த நிலையே பின்னணி.

நெசவூர் ஒன்றில் சில ஆண்டுகள் நான் ஆசிரியராக இருந்தேன். ஒரு மாணவன் ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தான். அவன் தந்தை விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவர். ஏன் ஊர் மாறுகிறீர்கள் என்று கேட்டேன். 'புது ஓனர் எங்கப்பா பாக்கியைக் கட்டிட்டாருங்க சார்' என்றான். அந்தப் பக்கத்து ஊர்களில் முன்பணத்துக்குப் 'பாக்கி' என்றே பெயர். வேறு கூடத்துக்குப் போக வேண்டுமானால் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். அதைப் புதிய முதலாளி கொடுத்துத் தம் கணக்கில் எழுதிக்கொள்வார். தறிக்கு ஆள் தட்டுப்பாடான ஆண்டுகளில் பாக்கித் தொகை ஏறும். வேலை மந்தமான ஆண்டுகளில் பழைய பாக்கியைக் கேட்டு நெருக்குவார்கள். பவானி, குமாரபாளையம் பகுதிகளில் இந்த வழக்கத்தை மானிடவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அன்று நான் அதையெல்லாம் படித்திருக்கவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஊர் மாறுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன்.